படியெடுத்தால் போதுமா?

கணிப்பொறி பயிலும் உங்கள் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மீப்பெரு பொது வகுத்தி காண்பது, எண்களை வரிசைப்படுத்துவது, இரு புள்ளிகளை இணைத்துக் கோடு வரைவது என்று பத்துப் பதினைந்து வரிகளே கொண்ட சிறு புரோகிராம் துணுக்குகள் அதில் இருக்கும். ஒருவர் எழுதிய துணுக்கை மற்றவர் எடுத்தாள்வதில் தவறில்லை. கொல்லர் அடித்துத் தந்த உளியைக் கொண்டுதானே தச்சர் வேலை செய்கிறார்? ஆனால் அந்த உளி எந்த மரத்தில் மழுங்கும் என்பது தச்சருக்குத் தெரியும். உங்கள் துணுக்கு எங்கே தவறும் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கணிப்பொறித் திரையில் கோடு என்பது புள்ளிகளின் வரிசையே. எந்தெந்தப் புள்ளியை ஒளிரச் செய்வது? ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் இதற்கு எளிய வழி கண்டார். 1965இல் அது அச்சில் வெளிவந்தது.

வரைபடத்தாளில் (0,0) முதல் (5,2) வரை கோடு வேண்டும் எனக் கொள்வோம். கணக்கைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். வலப்புறம் ஒரு கட்டம் நகரும்போதெல்லாம் கணக்கில் 2 கூட்டுங்கள். கணக்கின் இரு மடங்கு 5ஐ எட்டினாலோ தாண்டினாலோ ஒரு கட்டம் மேலே ஏறி, கணக்கில் 5 கழியுங்கள். (1,0), (2,1), (3,1), (4,2), (5,2) எனப் புள்ளிகள் கிடைக்கும். பின்னமும் இல்லை, வகுத்தலும் இல்லை!

இப்போது அதே விதியால் (0,0) முதல் (2,5) வரை வரையுங்கள். கோடு (2,2)இலேயே நின்றுவிடும்! ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கட்டமே ஏறலாம் அல்லவா? செங்குத்தான கோட்டுக்கு வலமும் மேலும் இடம் மாறவேண்டும். கையால் போட்டுப் பார்த்தவர் இதை நொடியில் திருத்துவார். வெறுமனே படியெடுத்தவர் திகைத்து நிற்பார்.

கோலத்திலும் இதே உண்மைதான். படத்தைப் பார்த்துப் போட்டவருக்கு அந்த ஒரு கோலமே தெரியும். விதியை அறிந்தவர் ஐந்து புள்ளியை ஒன்பதாக்கியும் போடுவார். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்திப் பெருகிக்கொண்டே போகும் கோலங்களை உருவாக்கலாம் என்று அதில் காட்டினர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வளர்ந்த ஆராய்ச்சி அது. நம் வாசற்படியில் இருந்ததே கணிப்பொறி இயலுக்குப் பாடமாயிற்று!

'தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லையே' என்பீர்கள். ஒரு துணுக்குக்குப் பத்து நிமிடம் போதும். கணிப்பொறியும் தேவையில்லை; வரைபடத்தாளும் பென்சிலும் கடையநல்லூர்க் கடைவீதியிலேயே கிடைக்கும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே இன்று மென்பொருள் அலுவலகம் இயங்குகிறது. அத்தகைய வேலைக்குச் செல்ல விரும்புகிறவர், பிறர் எழுதியதைச் சோதித்துத் திருத்தவும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, இனி ஒவ்வொரு துணுக்கின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: 'இது எதற்குப் பொருந்தும்? எங்கே தவறும்?' ஆசிரியப் பெருமக்களும் அந்த இரண்டு வரிக்கு மதிப்பெண் தரட்டும். அந்த இரண்டு வரியை எழுத முடிந்த நாளில்தான் அந்தத் துணுக்கு உங்களுடையதாகும்.