'டிட்' வந்தா 'வென்ட்' வேணாம் பாஸ்!

காலைல ஏழரை மணி. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயின். அண்ணனூர் தாண்டுறதுக்குள்ள நண்பன் 'கோ-வென்ட்-கான், சிங்-சாங்-சங்'னு மனப்பாடத்தை ஆரம்பிச்சுட்டான். அன்னிக்கு அவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ. கொரட்டூர் வர்றதுக்குள்ள மொத்த லிஸ்ட்டும் நாக்கு நுனியில!

சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தான். 'ஏன் ஒரு அரியர் இருக்கு?'ன்னு கேட்டாங்களாம். 'ஐ டிடின்ட் வென்ட் ஃபார் தி எக்ஸாம் சார், ஃபீவர்'னு சொல்லியிருக்கான். எதிர்ல இருந்தவர் லேசா சிரிச்சிட்டாராம். அதுக்கப்புறம் தெரிஞ்ச பதில்கூட வாயில வரலை. 'வென்ட்' அவனுக்குத் தெரியாம இல்லை. அதை எங்கே போடக்கூடாதுன்னுதான் தெரியலை.

இங்கேதான் நம்ம தமிழ் கைகொடுக்குது. 'நேத்து காலேஜுக்குப் போனேன்.' இதை இல்லைன்னு மாத்திச் சொல்லுங்க. 'போனேன் இல்லை'ன்னா சொல்வீங்க? 'போகலை'ம்பீங்க. இறந்தகாலம் காட்டின 'போனேன்' காணாமப்போய், காலமே காட்டாத 'போக' வந்துடுச்சு பாருங்க. இங்கிலீஷ்லயும் அதே கதைதான். 'டிடின்ட் கோ.' இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துக்குது. ஒரு மூட்டைக்கு ரெண்டு ஆள் எதுக்கு?

ஆனா, கேள்வி கேட்கும்போது தமிழே காலை வாரும். 'போனியா?'ன்னு கேட்டுப் பழகின வாய், 'டிட் யூ வென்ட்?'னு கேட்டுடும். அங்கேயும் 'டிட் யூ கோ?'தான். உஷார்!

இன்னொரு மேட்டர். 'கோ'வும் 'வென்ட்'டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க இல்லை. வேற ஒரு பழைய வினைச்சொல்லோட இறந்தகாலத்தை 'கோ' தத்தெடுத்துக்கிச்சு! 2007-ல 'நேச்சர்' இதழ்ல ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு போட்டாங்க. பழைய இங்கிலீஷ்ல இருந்த 177 இர்ரெகுலர் வெர்ப்கள்ல, இன்னிக்கும் அப்படியே இருக்கிறது 98தான். மத்ததெல்லாம் வால்ல 'எட்' ஒட்டிக்கிட்டு சமர்த்தாயிடுச்சு. 'ஹெல்ப்'புக்கே ஒரு காலத்துல 'ஹோல்ப்'தான். யார் தப்பிச்சாங்க? 'பி, ஹேவ், டூ, கோ, சே'ன்னு ஜனங்க தினமும் வாயில போட்டு மென்ன வெர்ப்கள்!

ஸோ, வாயில புழங்கினாத்தான் அதுங்க நிக்கும். லிஸ்ட்டா படிச்சா நிக்காது. நாங்க இப்போ லிஸ்ட்டை மூட்டை கட்டிட்டோம். ட்ரெயின்ல ஏறினா, நேத்து நடந்ததைப் பத்தி ஒரு ஆமாம், ஒரு இல்லை, ஒரு கேள்வி. அவ்வளவுதான். நீங்களும் ட்ரை பண்ணுங்க.

நேத்து பட்டரவாக்கம் தாண்டும்போது 'டிடின்ட் சா'ன்னு உளறினது நான். திருத்தினது அவன்!