பரப்புவோர் கையிலா பாட்டின் பெருமை?

வாசுதேவநல்லூர்த் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் மாலையில் நிற்கும் இளைஞர்தம் கைப்பேசிகளில் இன்று பெரிதும் ஒலிப்பது சொல்லிசை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தெருக்களிற் பிறந்த அக்கலை, மலேசியத் தமிழிளைஞர் வாயிலாகத் தமிழுக்கு வந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' என்னும் இசைத்தொகை 2006-இல் வெளிவந்தபின் தமிழ்நாட்டிலும் அது வேர்கொண்டது. தாளத்தின்மேற் சொல்லடுக்கி விரைந்துரைக்கும் இதனைக் கேட்டுத் தமிழாசிரியர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். சுளிக்க வேண்டுவதில்லை. இசை குறைந்தவிடத்தும் சொல்லே நின்று தாங்கும் கலை இது. ஆதலின் தமிழ்ச்சொல் வல்லானுக்கு ஏற்ற களம். கேடு கலையில் இல்லை. அதனை விற்கும் முறையில் உள்ளது.

வெளியீட்டு நிறுவனங்கள் ஆடுவோர்க்கும் குறுங்காணொளி இடுவோர்க்கும் பணங்கொடுத்துப் பாட்டின் சிறு துணுக்கொன்றைப் பரப்புகின்றன. சில நொடிக்குள் மனத்தில் ஒட்டுவது ஓசையே, பொருளன்று. எனவே பாவலனிடம் கேட்கப்படுவது, கேட்டவுடன் ஒட்டும் ஓரடி மட்டுமே. அவ்வடி ஆங்கிலமாயின் விற்போர்க்கு இன்னும் மகிழ்ச்சி. எஞ்சிய அடிகள் எவ்வாறிருப்பினும் கேட்பாரில்லை.

இது புதுநோயன்று. அமெரிக்க வானொலியார் இசைத்தட்டு நிறுவனங்களிடம் கைக்கூலி பெற்றுப் பாட்டுகளை ஒலிபரப்பியது 1959-இல் வெளிப்பட்டது. மறுஆண்டே அதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் 2005-இல், இத்தகைய குற்றச்சாட்டின் பேரில் நியூயார்க்கு மாநிலத் தலைமை வழக்குரைஞர் நடத்திய உசாவலை முடித்துக்கொள்ளச் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் ஒரு கோடி தாலர் கொடுக்க இசைந்தது. 2020-இலோ இசுபாட்டிபை நிறுவனம், உரிமைத்தொகையைக் குறைத்துக்கொள்ள இசைவோரின் பாட்டைக் கேட்போர்முன் கூடுதலாக நிறுத்தும் ஏற்பாட்டைத் தொடங்கியது. முன்னது மறைவான கைக்கூலி. பின்னது வெளிப்படையான ஒப்பந்தம். இரண்டிலும் பாட்டு நன்றா என்று கேட்பார் இல்லை.

பரப்பும் தரமும் ஒருங்கமைந்த பாட்டே இல்லையோ எனின், உண்டு. 2021 மார்ச்சு 7 அன்று 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. வெளியிட்டது ஏ.ஆர். இரகுமான் துணைநின்ற 'மாஜா' நிறுவனம். சந்தோசு நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் பாடினர். பாட்டின் சொற்கள் அறிவுடையன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வையும், நிலத்தைத் திருத்தியும் நிலமற்றுப்போன உழைப்பாளர் வழக்கையும் அவர் பாட்டாக்கினார். அது வலையொளியில் 40 கோடி முறைக்குமேற் பார்க்கப்பட்டது. மண்ணின் சொல் உலகை எட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பின் நிகழ்ந்தது யாது? அவ்வாண்டு ஆகத்துத் திங்கள் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவின் படம் இல்லை. 2022 சூலை 28-இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என விளக்கம் கூறப்பட்டது. பாட்டின் ஆக்கத்தில் தம் உழைப்பு எத்துணை என்பதைச் சில நாளில் அவரே எழுத நேர்ந்தது. சந்தோசு நாராயணனும் தீயும் தத்தம் விளக்கத்தை வெளியிட்டனர். 2024 மார்ச்சில் சந்தோசு நாராயணனே, அப்பாட்டால் ஒரு காசும் வந்ததில்லை என்று அறிவித்தார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. எவர் கூற்று மெய் என்பதை உரியோர் தீர்க்கட்டும். இத்துணைப் பேர் கேட்ட பாட்டின் சொல்லாளன் தன் பங்கைத் தானே எடுத்துரைக்க வேண்டிவந்தது ஏன் என்பதே தமிழர் கேட்கவேண்டிய கேள்வி.

தென்காசிச் சீமை வேறொரு முறையை அறியும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர்க்கு மதுரை முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் நிலம் ஈந்தார். அந்நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டிற் சென்னிகுளம் அண்ணாமலை இரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, கழுகுமலைக்குக் காவடி சுமந்து நடந்தோர் வாய்வழியே ஊரூராய்ப் பரவியது. அதன் வண்ண ஓட்டமும் இயைபும் இன்றைய சொல்லிசையாளனையும் மலைக்கவைப்பன. மன்னர் கொடையிற் குறையே இல்லை என்பதன்று. புகழ்ச்சிக்கு அன்றும் விலையுண்டு. ஆயினும் கொடை பாடினவனைத் தேடி வந்தது. பாட்டு பாடினவன் பெயரோடு நின்றது.

பரப்புதல் பாட்டை அறிவிக்கலாம், அளக்கலாகாது. கேட்டோர் தொகையைத் தரமென மயங்காதிருப்பதும், பாட்டைப் பாராட்டுங்கால் பாவலன் பெயரை முதலிற் சொல்வதும் தமிழன்பர் கடமை. காவடிச்சிந்தை மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி வாய்விட்டுப் பாடவும் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அவ்வாறு கற்ற மாணவன் நாளை சொல்லிசை பாடவும் கூடும். அவனைத் தேடி நிறுவனம் ஒப்பந்தத்தாளுடன் வரவும் கூடும். பாடலாசிரியன் உரிமைத்தொகையில் தனக்குரிய சமபங்கை எழுதிக்கொடுத்துவிட இயலாதவாறு 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் காக்கின்றது. கையெழுத்திடுமுன் அதனை அவன் அறிந்திருத்தல் வேண்டும். யாப்போடு இதனையும் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார் யார்?