திரையைக் கடைமடையில உட்கார்ந்து வாங்குங்க

வீட்டுல ஹோம் தியேட்டர் போடப்போற டவுன்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கடையில நடு நாற்காலியில உட்கார்ந்து திரை வாங்காதீங்க. உங்க வீட்டுல யார் ஓரத்துல உட்காரப் போறாங்களோ, அவங்க இடத்துல உட்கார்ந்து பாத்துட்டு வாங்குங்க. வாழையும் நெல்லும் போடுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. திரைங்கறது வெளிச்சத்தைப் பங்கு போடுற சமாச்சாரம். பங்கு போடுறதுல என்னென்ன நடக்கும்னு வாய்க்கால் பாசனக்காரனுக்குத் தெரியாதா?

எங்க பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில பிரிஞ்சு, திருச்சி டவுனுக்குள்ள பூந்து, வாழவந்தான்கோட்டை வரைக்கும் போகுது. தலைமடைக்காரன் மடையைக் கொஞ்சம் அகலமா வெட்டிக்கிட்டா அவன் வயல்ல தண்ணி நிக்கும். ஆனா வாய்க்கால்ல தண்ணி கூடிடல. கடைமடைக்காரன் பங்குதான் அங்க நிக்குது.

திரையில இதுக்குப் பேரு கெயின். சாதாரண மேட் வெள்ளைத் திரைக்குக் கெயின் 1. தன்மேல விழுற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாத் திருப்பி விடும். நடுவுல உட்கார்ந்தாலும் ஓரத்துல உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே படம். கெயின் 1.5, 2ன்னு போட்டு விக்கிறாங்களே, அந்தத் திரை சொந்தமா ஒரு சொட்டு வெளிச்சம் கூட உண்டாக்குறதில்ல. ஓரத்துக்குப் போக வேண்டியதை இழுத்து நடுவுல கொட்டுது. நடுவுல இருக்கறவர் "என்னா பளிச்சுன்னு இருக்கு"ங்கறார். ஓரத்துல இருக்கறவங்களுக்கு மங்கல். கெயின் ரொம்பக் கூடினா, நடுவுல இருக்கறவருக்கே திரை மத்தியில ஒரு வெள்ளைத் திட்டு தெரியும்.

சினிமா தியேட்டர்ல வெள்ளித் திரை மாட்டுறதுக்கு ஒரு காரணம் உண்டு. 1984ல வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' மாதிரி, கண்ணாடி போட்டுப் பாக்குற 3டி படத்துக்கு அது தேவை. சாதாரண வெள்ளைத் திரையில பட்டா ரெண்டு கண்ணுக்குமான படம் கலந்து போயிடும். வீட்டுல சீரியலும் கிரிக்கெட்டும் பாக்குறதுக்கு வெள்ளித் திரை எதுக்கு?

போன மாசம் ஸ்ரீரங்கத்துல இருக்குற அக்கா மகனோட திருச்சியில ஒரு கடைக்குப் போனேன். பேரு வேணாம், எல்லாக் கடையும் அப்படித்தான். நடு சோபாவுல உட்கார வச்சு, விளக்கை அணைச்சு, படத்தைப் போட்டாங்க. "மாமா, வேற லெவல்ல!" அப்படின்னான். நான் எந்திரிச்சுப் போய் சுவரோரமாக் கிடந்த ஸ்டூல்ல உட்கார்ந்தேன். படம் பாதி வெளிச்சத்துல தெரிஞ்சுது. அக்காவுக்கு மூட்டு வலி. சாய்வு சோபாவுல உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. அதனால அந்த ரூம்ல அவங்களுக்குச் சுவரோரம் ஒரு கட்டில்னு மாப்பிள்ளையே சொல்லியிருந்தான். "அப்ப அம்மாவுக்கு?"ன்னு கேட்டேன். "அம்மா சீரியல்தானே மாமா பாக்குது, அதுக்கு இது போதும்"னான்.

எனக்குக் கோபம் வந்தது அந்த "போதும்"ங்கற வார்த்தையிலதான். கடைமடைக்குத் தண்ணி வரலன்னு மனு கொடுக்கப் போனா, நாங்களும் இதே வார்த்தையைத்தான் கேட்டுட்டு வர்றோம். அந்த வீட்டு மாடி எழும்பினதுல பாதி, அக்கா தன் பங்கு அரை ஏக்கரை வித்த காசு. திரை விலை ஒரு லட்சத்துக்கு மேல சொன்னாங்க. நிலம் வித்தவங்களுக்கு மங்கல் படமா? அட்வான்ஸ் கொடுக்க விடாம மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

"பகல்லயும் பாக்கணும், ஜன்னல் வெளிச்சம் வருது, அதுக்குத்தான் விலை கூடின திரை"ன்னு வாதம் பண்றாங்க. ஏ.எல்.ஆர்.னு ஒரு வகை இருக்கு. அறை வெளிச்சத்தை ஒதுக்கித் தள்ளும். நல்ல சாமான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுலயும் பெரும்பாலானதுக்கு ஓரப் பார்வை குறைச்சல். அதுல ஒரு ரகம், சுவரை ஒட்டிக் கீழே வைக்கிற புரொஜக்டருக்குன்னே செஞ்சது. கீழருந்து வர்ற வெளிச்சத்தை ஏத்துக்கும், மேலருந்து வர்றதை விழுங்கிடும். அதை வாங்கிட்டுப் புரொஜக்டரைக் கூரையில தொங்கவிட்டா உங்க படத்தையே அது விழுங்கும். இதைக் கடையில நாமளாக் கேட்டாத்தான் சொல்றாங்க.

புரொஜக்டரால கருப்பை வீச முடியாது. படத்துல தெரியிற கருப்பு, உங்க ரூம் இருட்டுதான். ரூம் வெளுத்திருந்தா கருப்பும் வெளுக்கும். ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இதை விளக்கணுமா? பெரிய பெருமாள் சன்னதியில ஒரு விளக்கொளி போதுதுன்னா, கர்ப்பக்கிருகம் இருட்டா இருக்குறதாலதானே! முதல் செலவு கனத்த திரைச்சீலைக்கு. ரெண்டாவது செலவு, திரைக்குப் பக்கத்துச் சுவருக்கும் கூரைக்கும் மங்கின நிறத்துல பெயின்ட். வெள்ளைக் கூரை வெளிச்சத்தை வாங்கித் திரும்பத் திரைமேலயே கொட்டும். இதெல்லாம் முடியாது, பகல்லதான் பாப்போம்னா பெரிய டிவி வாங்குங்க. அதையும் ஓரத்துல நின்னு பாத்து வாங்குங்க. எல்சிடி டிவியில வி.ஏ. பேனல்னா பக்கவாட்டுல வெளுக்கும். 2006ல ஆரம்பிச்சு அரசாங்கம் இலவசமாக் கொடுத்த 14 இஞ்ச் டிவிக்குக் கூட அந்தக் குறை கிடையாது. வாசப்படியில உட்கார்ந்திருந்த ஆயாவுக்கும் அது ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது.

இருட்டு இருந்தா எவ்வளவு சாதாரணத் திரை போதும்னு நம்ம ஊருக்கே தெரியும். 1905ல திருச்சியில, தென்னிந்திய ரயில்வேயில வரைவாளரா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற கருவியையும் பிலிமையும் வாங்கி, வேலையை விட்டுட்டு ஊர் ஊராக் கூடாரம் போட்டுக் காட்டினார். தென்னாட்டு டூரிங் சினிமா அப்படித்தான் கிளம்புச்சு. பின்னால நாங்க பாத்த டென்ட் கொட்டகையிலயும் பொழுது சாஞ்சாத்தான் ஆட்டம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட்னு காசுல வித்தியாசம் இருந்துச்சு. தரையில உட்கார்ந்தவனுக்கு மங்கலா ஒரு படம், பெஞ்சுக்காரனுக்குப் பளிச்சுன்னு ஒரு படம்னு அந்த வெள்ளைத் திரை பிரிச்சுக் காட்டல.

அடுத்தது இஞ்ச் பைத்தியம். 100 இஞ்ச் திரைன்னா அகலம் 87 இஞ்ச், உயரம் 49. ஏறக்குறைய 30 சதுர அடி. 120 இஞ்ச்னா 43 சதுர அடி. பேருக்கு 20 இஞ்ச்தான் கூட, பரப்புல நாப்பது சதத்துக்கு மேல கூட. புரொஜக்டர் அதேதான். ஒரே மோட்டார் தண்ணியை ஒண்ணரை பங்கு வயலுக்கு விட்டா என்ன ஆகும்? நிஜமா 1000 லூமன் தர்ற புரொஜக்டர், கெயின் 1 திரையில, 100 இஞ்ச்சுக்கு 33 ஃபுட் லாம்பர்ட் தரும், 120க்கு 23. சினிமா தியேட்டருக்கான அளவே 14தான். அதாவது இருட்டு ரூம்ல சாதாரணத் திரையே மிச்சம். அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற லூமனை நம்பாதீங்க, ஏன்சி லூமன் எவ்வளவுன்னு கேளுங்க.

இன்னொண்ணு. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் 1973ல வந்த 'ராஜராஜ சோழன்'. இன்னைக்கு வர்ற படம் பெரும்பாலும் அந்த மாதிரி அகலப் படம்தான். 16:9 திரையில அது விழுந்தா மேலயும் கீழயும் சேர்த்துக் கால் பங்கு சும்மா கிடக்கும். அதனால உயரத்தைப் பாத்து மயங்காதீங்க, சுவரோட அகலத்தை அளந்துட்டுப் போங்க.

தனி ஆளு, நட்டநடுவுல ஒரே நாற்காலி, கூட யாரும் பாக்க மாட்டாங்கன்னா, கெயின் கூடின திரையைத் தாராளமா வாங்குங்க. அதுல யாருக்கும் நஷ்டமில்ல. குடும்பத்தோட பாக்கத்தான் போடுறோம்னு சொல்லிட்டு, தான் உட்கார்ற இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தை வாங்குறவங்ககிட்டதான் என் சண்டை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல்ல பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடிச்ச சுவர்ல ஒரு மாசம் படம் பாருங்க. பலருக்கு அதுவே போதும்னு தோணிடும். தோணலைன்னா கடையில திரைத் துணியில ஒரு துண்டு மாதிரி கேளுங்க. அதைச் சுவர்ல ஒட்டி, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, புரொஜக்டரைப் போட்டுட்டு ஓரத்துக் கட்டில்ல போய் உட்காருங்க. தாளை விடத் துணி இருட்டா தெரிஞ்சா அந்தத் துணி உங்க வீட்டுக்கு ஆகாது. முடிஞ்சா அம்மாவையே கட்டில்ல உட்கார வச்சுக் கேளுங்க. எது தெளிவா இருக்குன்னு அவங்க சொல்லட்டும், அப்புறம் பணத்தை எண்ணுங்க.