கணக்கு நம் கையில் இருக்கட்டும்!

தன் வீட்டுக் கணக்கைப் பிறர் எழுத விடுபவன் தன் வாழ்வின் திசையையும் பிறர் கையிற் கொடுத்தவனாவான். கட்டைபறிச்சானிலும் கொட்டியாரக் குடாவை அண்டிய ஏனைய ஊர்களிலும் வாழும் கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் இதனை எடுத்துரைப்பது எமது கடமை.

எம் மக்கள் சோம்பேறிகள் அல்லர். 2004 இல் கடல் பொங்கியது. 2006 இல் போர் மூதூர் கிழக்கையே பெயர்த்தெறிந்தது. சம்பூரை இழந்தோர் ஆண்டுக்கணக்காகக் கட்டைபறிச்சான் முகாமிற் காலங் கழித்தனர். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை; 2022 இல் நாடே வங்குரோத்து. இத்தனைக்கும் பின் வெறுங்கையோடு எழுந்தவர்களின் வாசல் தேடி வந்தது எது? நுண்கடன்!

“வட்டி 24 வீதந்தானே” என்பார்கள். 50,000 ரூபா பெற்றவர் வாராவாரம் கட்டி, ஓராண்டில் 62,000 ரூபா செலுத்துகிறார். முதல் வாரந்தோறும் குறைகிறது. வட்டியோ முழு முதலுக்கும் கணிக்கப்படுகிறது. எனவே உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டுகிறது! 2018 இல் அரசு, வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. உச்சவரம்பே 35 எனில், அதற்குமுன் உறிஞ்சப்பட்டது எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகித்தறிக!

விதைநெல்லும் பசளையும் கடனாகப் பெற்ற கமக்காரன், சூடடித்த களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லை அளக்கிறான். சம்பளக்கார அன்பர்களும் சிரிக்க வேண்டாம். கலியாணச் சிறப்புக்காக வங்கியிற் பட்ட கடனுக்குச் சம்பளத்திற் பாதி போய்விட, மனைவியின் தாலிக்கொடி அடைவுகடையிற் கிடக்கும் வீடுகள் இல்லையா?

சிக்கனம் பேசுவது அரசின் பொறுப்பை மறைப்பதாகாதா என்று சிலர் வினவலாம். ஆகாது. நெல்லுக்கு நியாய விலையும், நீதியான கடனும் அரசு தரவேண்டியவையே. ஆயினும் கடன்காரனுக்கு அஞ்சி ஒளிப்பவன் உரிமை கேட்டு வீதிக்கு வருவது எங்ஙனம்?

ஆகவே, வரவுசெலவை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுவோம். வருவாய் தரும் முயற்சிக்கன்றிக் கடன்படாதிருப்போம். ஒப்பமிடுமுன், “மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? தமிழில் எழுதித் தாருங்கள்” என்று கேட்போம்.

தனி ஒருவரால் இயலாததைச் சங்கம் இயற்றும். ஜெர்மனியில் 1864 இல் ரைபைசன் என்பார் ஏழைக் குடியானவரைக் கூட்டிக் கடன் சங்கம் அமைத்தார். இலங்கையிலும் 1911 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது. வழி புதிதன்று, நடப்பவரே வேண்டும். ஊரின் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கணக்கைச் செம்மையாக வைக்கட்டும். கமக்காரர் அறுவடை தோறும் ஒரு பங்கைச் சேமிப்பிலிடட்டும். ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே குறைந்த வட்டிக்குச் சுழலும்.

அடுத்த பெரும்போக நெல்லின் விலையை நிர்ணயிப்பது கடன் தந்தவனா, விதைத்தவனா? விடையைக் கட்டைபறிச்சான் இன்றே எழுதத் தொடங்கட்டும்!