பாட்டரி செத்தால் பணமும் போச்சா?

திருவனந்தபுரம்:
அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் தங்கி தச்சு வேலை பார்க்கும் ஒருவர், போன வாரம் தம்பானூரில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒயர் இல்லாத ட்ரில் மெஷின்; கூடவே உயிர்போன பாட்டரி. "மெஷின் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. பாட்டரிதான் ஏமாத்திருச்சு. கடைக்காரர் கையை விரிக்கிறார்" என்றார்.

மெஷினை நாகர்கோவிலில் ஒரு கடையில் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஏறக்குறைய ஐந்து நாள் கூலி. நாலாவது மாதமே சார்ஜ் ஏறவில்லை. புது பாட்டரி மட்டும் 2,300 ரூபாயாம். "காரண்டி மெஷினுக்குத்தான், பாட்டரிக்குக் கிடையாது" என்பது கடையின் பதில். பையைத் துழாவி காரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்து இங்கிலீஷில் மெஷினுக்கு 1 வருடம், பாட்டரிக்கு 6 மாதம் என்று இருந்தது. கடைக்காரர் அதைப் படிக்கவில்லையா, அல்லது வாங்கியவர் படிக்கமாட்டார் என்று நினைத்தாரா தெரியவில்லை.

இது ஒருவர் கதையல்ல. எலக்ட்ரீஷியன், அலுமினிய வேலைக்காரர், ஏ.சி. மெக்கானிக் என்று நம்மவர்களில் பாதிப்பேர் கையில் இன்று இந்தக் கருவி இருக்கிறது. பெட்டிமேல் எழுதியிருப்பதையும் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. ஒரு லித்தியம் செல்லின் சாதாரண அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும், அப்போது 21. ஆக 18 என்று ஒரு கம்பெனியும், 20 என்று இன்னொன்றும், 21 என்று மற்றொன்றும் விற்பது பெரும்பாலும் ஒரே ஐந்து செல் கட்டுதான். 20க்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் அனேகம். ஐந்தில் ஒரு செல் கெட்டாலும் போதும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்கியூட் மொத்தக் கட்டையும் பூட்டிவிடும். நாலு செல் நன்றாக இருந்தும் பயனில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1986ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய், 2019ம் வருடச் சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. இதில் வெளியூரில் பிழைக்கும் நமக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பு நாகர்கோவில் கடை மீது புகார் என்றால் பெரும்பாலும் அந்த ஜில்லாவுக்கே ஓட வேண்டும். அதற்கு இரண்டு நாள் கூலி போகும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். இப்போது வாங்கியவர் எங்கே வசிக்கிறாரோ, அல்லது எங்கே வேலை செய்து பிழைக்கிறாரோ அந்த ஜில்லா கமிஷனிலேயே புகார் கொடுக்கலாம். நம் தச்சருக்கு வழுதக்காடு போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் கம்பெனி வக்கீல்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "இவர் நுகர்வோரே அல்ல, தொழிலுக்காக வாங்கினார்" என்பார்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். இதைக் கேட்டுப் பயந்து திரும்பி வரக்கூடாது. இந்தக் கேள்விக்கு 1995 ஏப்ரலிலேயே சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு பக்கம் நம் கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், அதனிடம் பெரிய மெஷின் வாங்கிய லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் மறுபக்கம். மெஷின் விலை 21 லட்சம். வாங்கிய கம்பெனி நுகர்வோர் அல்ல என்று தள்ளிய அதே தீர்ப்பில்தான் ஏழைத் தொழிலாளிக்கு வழியும் திறந்தது. தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவன், தானே இயக்கிப் பிழைக்க லேத் மெஷின் வாங்குகிறவன் நுகர்வோரே என்றார்கள் நீதிபதிகள். உதவிக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னார்கள். லேத்துக்குப் பொருந்துவது ட்ரில்லுக்குப் பொருந்தாதா?

இன்னொன்றும் உண்டு. வியாபார நோக்கம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தாலும் புகார் மனுவில் "இந்தக் கருவியை நானே கையாண்டு அதில் வரும் கூலியில்தான் குடும்பம் நடத்துகிறேன்" என்ற ஒரு வரியை எழுதாமல் விடாதீர்கள். இருபது மெஷின் வாங்கி ஆட்களுக்குக் கொடுத்து வேலை வாங்கும் கான்டிராக்டருக்கு இந்த வரி உதவாது. அது வேறு கதை.

நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, ரசீதில்தான். "பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடும்" என்று கடையில் சொன்னதும், எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டோடு வந்துவிடுகிறார்கள். அதன் தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று இருக்கும். நம் தச்சரிடம் இருந்ததும் அதுதான். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. ரசீது தராமல் விற்பதையே நியாயமற்ற வாணிபம் என்கிறது 2019ம் வருடச் சட்டம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே வகைதான். ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. "விற்ற பொருள் வாபஸ் கிடையாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் இந்தச் சட்டம் மறைந்துவிடாது.

தச்சருக்கு ஒரு அதிர்ஷ்டம், பணத்தை போன் மூலம் அனுப்பியிருந்தார். தேதி, தொகை, கடையின் பெயர் எல்லாம் போனில் பதிவாகி இருக்கிறது. அது சாட்சி. ரொக்கம் கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த சிக்கல், பழுது யாருடையது என்பது. "தண்ணீர் பட்டிருக்கிறது", "வேறு சார்ஜரில் போட்டிருக்கிறீர்கள்" என்று சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லி அனுப்புவார்கள். எழுதிக் கேளுங்கள். தேவைப்பட்டால் கமிஷனே பொருளை சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது விதி. அந்தப் பரிசோதனைச் செலவைப் புகார்தாரர் முன்பணமாகக் கட்டும்படி சொல்லக்கூடும். 2,300 ரூபாய் பாட்டரிக்கு இது கட்டுபடியாகுமா என்பது நியாயமான கேள்வி. இத்தகைய சில்லறை வழக்குகளுக்குச் செலவில்லாத பரிசோதனை வசதி இருக்க வேண்டும் என்றே சொல்வேன். எது எப்படியானாலும் பாட்டரியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் சாட்சி போயிற்று; லித்தியம் தீப்பிடிக்கவும் செய்யும்.

தீர்ப்புக்கு 3 மாதம், பரிசோதனை இருந்தால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. காலிப் பதவிகளை நிரப்பாததற்காக 2021ல் சுப்ரீம் கோர்ட்டே தானாக வழக்கு எடுத்துக்கொண்ட கமிஷன்கள் இவை. ஆகையால் 5 மாதம் என்று நாள் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முதலில் 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். பல கம்பெனிகள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020ம் வருட விதி உண்டு. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

தச்சருக்காக நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடைக்கு ஒரு பிரதி, கம்பெனிக்கு ஒரு பிரதி. காரண்டி அட்டை நகலும், போனில் இருந்த பணப் பதிவின் நகலும் இணைப்பு. 15 நாள் கெடு. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ஆறு நாள் ஆகிறது. கம்பெனியிலிருந்து, பாட்டரியின் சீரியல் நம்பரைக் கேட்டு போன் வந்ததாம். கடையிலிருந்து இதுவரை பேச்சு மூச்சில்லை.