குவேசார் ஒளியில் இரும்பின் சாட்சி

முதல் விண்மீன்கள் மிக விரைவாகவே பிறந்துவிட்டன என்பதற்கு வலுவான சாட்சி, தொலைதூரக் குவேசார்களின், அதாவது விண்மீன் மண்டலங்களின் மிகப் பிரகாசமான மையங்களின், ஒளியில் இருக்கிறது. பெருவெடிப்பு தந்தவை ஹைட்ரஜன், ஹீலியம், சிறிதளவு லித்தியம் மட்டுமே. மக்னீசியமும் இரும்பும் விண்மீன்களில் விளைந்தவை. 2011-இல் அறிவிக்கப்பட்ட ஜே1120+0641 என்ற குவேசாரை, பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 77 கோடி ஆண்டு வயதே ஆன நிலையில் பார்க்கிறோம். ஆனாலும் அதன் நிறமாலையில் இரும்பு, மக்னீசிய வரிகளின் விகிதம், பிற்காலக் குவேசார்களில் காண்பதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. பெருநிறை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மக்னீசியத்தைத் தந்துவிடும். இரும்பின் பெரும்பகுதியோ, எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் எச்சமான வெண்குறுமீன்களின் வெடிப்பில் தாமதமாக வருவது. அதுவும் சேர்ந்துவிட்டது என்றால், விண்மீன் தலைமுறைகள் வெகு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

வரிகளின் வலிமை வாயுவின் அடர்த்தியையும் வெப்பத்தையும் பொறுத்தது, எனவே இந்தக் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், துல்லியமான அளவை அதிலிருந்து எடுத்துவிட முடியாது. சில வெண்குறுமீன்கள் 10 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெடிக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால், வாயுவின் நிலை வரியின் வலிமையை மாற்றுமே தவிர, இல்லாத தனிமத்தை உண்டாக்காது. குவேசார் என்பது விண்மீன் மண்டலத்தின் நெரிசலான மையம், அதை வைத்து எல்லாவற்றையும் எடைபோடலாமா என்ற ஐயத்துக்கும் பதில் வந்துவிட்டது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளில் ஒளிர்ந்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் மண்டலத்தில் ஆக்சிஜன் இருப்பதை, சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி வழியாகக் கண்டதாக 2025-இல் அறிவித்தார்கள். இதைக் காட்டிப் பெருவெடிப்புக் கொள்கையே பொய் என்பது அவசர முடிவு. திருத்தப்பட வேண்டியது விண்மீன் பிறப்பின் காலக்கணக்கு மட்டுமே.