பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா?



பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 கல்வியாண்டு முதலே அது கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் வரிசையாக ஹால் டிக்கெட் வாங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கு இது நிம்மதிதான். பிள்ளைகளின் சுமை குறைவதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் தேர்வு எதற்காக வந்தது? அது அறிமுகமான 2017-18க்கு முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் என்பது பெயருக்குத்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இரண்டு வருடமும் அதே புத்தகம். திருப்புதல் தேர்வு, அதன்மேல் இன்னொரு திருப்புதல். மார்க் கொட்டியது. முக்கோணவியலும் வெக்டரும் மோல் கணக்கும் பிளஸ் ஒன் புத்தகத்தில் கசங்காமல் கிடந்தன. கணக்கில் 200க்கு 200 வாங்கிய பையன் இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் எம்-1 பேப்பரை அரியர் வைத்துவிட்டு முழிப்பான். போதாததற்கு, நீட்டில் பிளஸ் ஒன் பாடமும் சேர்ந்தே வரும்.

இதைச் சரிசெய்யத்தான் தேர்வு வைத்தார்கள். 1200 மதிப்பெண்ணை ஆண்டுக்கு 600 என்று பிரித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2018லேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்துத் தேர்வின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். மாணவனுக்குப் பரீட்சை பயம் மட்டும் மிஞ்சியது.

தேர்வு வைத்ததால் பாடம் நடந்ததா, எடுத்தால் பழைய குறுக்குவழி திரும்புமா என்று பார்த்துவிட்டு அல்லவா முடிவெடுக்க வேண்டும்? தேர்வுத் துறையிடம் பள்ளிவாரியாக பிளஸ் ஒன் மதிப்பெண் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிடம் முதல் செமஸ்டர் முடிவுகள் இருக்கின்றன. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். நடுவில் பாடநூல் மாறியது, கொரோனாவால் 2021ல் எல்லோரும் ஆல் பாஸ் ஆனார்கள். ஆகவே கொஞ்சம் சிக்கலான கணக்குதான், போட முடியாத கணக்கு அல்ல. கல்வியியல் கல்லூரிகளில் வருடாவருடம் எத்தனையோ ஆய்வேடுகள் பைண்டு செய்யப்பட்டு அலமாரிக்குப் போகின்றன. அவற்றில் ஒன்று இதைப் பற்றி இருக்கக்கூடாதா!

பொதுத்தேர்வை எடுத்தது சரியே. பிளஸ் ஒன் பாடம் முழுமையாக நடக்கிறதா என்று கண்காணிக்க வேறு வழி செய்யாமல் விட்டால், நட்டம் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத்தான். டியூஷன் வைத்து ஈடுகட்ட அவர்கள் வீட்டில் பணம் இல்லை.

பிளஸ் ஒன் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும், கல்லூரி முதலாண்டுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர்களும் எங்களுக்கு எழுதுங்கள். மாணவர்கள் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள், அதைப் பள்ளியில் படித்துத்தான் வந்தார்களா என்று கேட்டு எழுதினால் போதும். பள்ளியின் பெயர் வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்